மார்லா அணைக்காத டேப்

ப்ளம் ஹாலோவில் மார்லா நோவோட்னியைப் பார்க்கிறவர்கள் யாரும் நலமா என்று கேட்பதில்லை. "என்ன மார்லா, இன்னும் முடியலையா?" என்றுதான் கேட்பார்கள். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சில்லி என்கிற பீன்ஸ் குழம்பும் சினமன் ரோலும் பரிமாறுகிற ஞாயிறுகளில், அவள் தட்டை நீட்டுவதற்குள் இரண்டு பேராவது கேட்டுவிடுவார்கள். நாற்பத்தைந்து வயதில் ஒருத்தி புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் பல்கலைக்கழகம் போய்வருவது நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊருக்கு ஒரு வேடிக்கை. மார்லாவும் சிரித்துக்கொண்டே, "ஆச்சு, கொஞ்சம்தான் பாக்கி" என்பாள். அதையும் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்கு முன் அவள் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆலோசகர். மனசு உடைந்துபோன ஒரு பிள்ளையை யாரிடமாவது அனுப்பலாம் என்றால் அந்த மாவட்டம் முழுக்க ஓர் உளவியல் நிபுணர் கிடையாது. நகரத்தில் பெயர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். எத்தனை நாள் இப்படிக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது, நானே படித்து வந்து இங்கே உட்கார்ந்துவிடுகிறேன் என்று கிளம்பியவள்தான். மனநல ஆலோசனையில் முனைவர் பட்டம். அவள் போன காரணத்தில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் படிப்பை நினைத்தால் எனக்கே எரிச்சல் வருகிறது. புள்ளியியல் இரண்டு பருவம். மனநோய்களை இனம் காண்பது, அறிவுத்திறன் சோதனை, தொழில் ஒழுக்கம், உளவியலின் வரலாறு என்று பாடத்துக்கு மேல் பாடம். அப்புறம் பயிற்சி. முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்து அவர்கள் அழுவதைக் கேட்க வேண்டும். அதை ஒளிப்பதிவு செய்ய வேண்டும். பேராசிரியர் முன்னால் போட்டுக் காட்டி, 'இந்த இடத்தில் ஏன் தலையாட்டினாய்?' என்று வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'டேப் பார்ப்பது'. பிறகு பொதுத்தேர்வு, ஆய்வேடு. அத்தனையும் முடித்தாலும் பட்டம் கையில் வராது. ஒரு வருடம் எங்காவது முழுநேரப் பயிற்சிக்குப் போக வேண்டும்.

அந்த ஓர் ஆண்டுக்கு இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு. நாடு முழுக்க விண்ணப்பம் போட்டு, நேர்காணலுக்கு ஓடி, போக விரும்பும் ஊர்களை வரிசையாக எழுதிக் கணினியில் ஏற்ற வேண்டும். அந்த ஊர்களும் தங்களுக்கு வேண்டிய ஆட்களை வரிசைப்படுத்தும். பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை கணினி தீர்ப்புச் சொல்லும். அதற்குப் பெயர் பொருத்த நாள். தீர்ப்பு வந்தால் வந்ததுதான், மறுக்க முடியாது. எழுதாத ஊருக்கு ஆளை அனுப்பவும் மாட்டார்கள். ஜாதகம் பார்த்துத் தாலி கட்டுகிறவர்கள்கூட இவ்வளவு கெடுபிடி பண்ணுவதில்லை.

மார்லாவின் கணவன் ரஸ் க்ரூட்ஸ் பிவட் மெக்கானிக். மக்காச்சோள வயல்களில் வட்டமடித்துத் தண்ணீர் தெளிக்கும் அந்த ராட்சதக் குழாய்கள் ஜூலை வெயிலில் நின்றுபோனால் விவசாயி கடவுளைக் கூப்பிடுவதற்கு முன்னால் ரஸ்ஸைக் கூப்பிடுவான். பேச்சு குறைச்சல். ஆனால் வாயைத் திறந்தால் குறும்பு இருக்கும். பட்டறை முதலாளி ஜீன் ஒருநாள் எல்லோர் முன்னாலும் வம்பிழுத்தான்.

"டேய் ரஸ், உன் பொண்டாட்டி உன்னையும் சோபாவுல படுக்கவச்சுக் கேள்வி கேக்குறாளாடா?"

"சோபாவுல படுக்கத்தான் படுக்கறேன். கேள்வியத்தான் கேக்க மாட்டேங்கறா, நேரமில்லையாம்" என்றான் ரஸ்.

பட்டறையே சிரித்தது. அவனும் சிரித்தான்.

கடைசிப் பருவத்தில் மார்லாவுக்கு ஒரு பாடம் பாக்கி இருந்தது. மேற்பார்வை செய்யப் பழகும் பாடம். படிப்பில் மூத்தவர்கள், புதிதாகச் சேர்ந்தவர்களின் டேப்பைப் பார்த்து வழிகாட்ட வேண்டும். அவளுக்கு ஒதுக்கப்பட்ட பெண் கெய்லின். இருபத்துமூன்று வயது. பக்கத்து மாவட்டத்து டெக்ஸ்டர் ஊரின் மனநல மையத்தில் பயிற்சி செய்தாள். யாரையாவது 'நீங்க எப்படி உணர்றீங்க?' என்று கேட்டுவிட்டுத் தானே அழுதுவிடும் ரகம்.

"மார்லா, புதுசா ஒருத்தர் வந்திருக்கார். வியாழக்கிழமை நாலு மணி" என்றாள் கெய்லின் அக்டோபரில் ஒருநாள். பெயர் சொல்லக் கூடாது என்பது விதி, சொல்லவில்லை. "பாதி நேரம் தொப்பியத் திருகிக்கிட்டே உக்காந்திருந்தார். நான் ஏதோ சொதப்பிட்டேன்னு நினைக்கறேன். நீங்க பார்த்துட்டுத் திட்டுங்க."

"திட்டறதுக்கு வேற ஆள் இருக்காங்க கண்ணு. நான் பார்த்துட்டுச் சொல்றேன்."

துறையின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு மார்லா டேப்பை ஓடவிட்டாள். கேமரா எப்போதும் வந்தவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். முதலில் அவளுக்குத் தெரிந்தது கைகள். நகக்கண்ணில் கிரீஸ். வலது கட்டைவிரலில் நகம் இல்லை. அந்த நகம் போன அன்று மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு ஓடியவளே அவள்தான்.

ரஸ்.

யாருக்கும் தெரிய வேண்டாம் என்று வேலைத் துணியோடு டெக்ஸ்டர் வரைக்கும் வண்டி ஓட்டிப் போயிருக்கிறான். பல்கலைக்கழகத்தில் ஒரு மேற்பார்வையாளர் பதிவைப் பார்ப்பார் என்ற தாளில் கையெழுத்தும் போட்டிருக்கிறான். படித்துப் பார்த்தானா என்று கேட்காதீர்கள், நாம் யார்தான் படிக்கிறோம். மார்லா கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருந்ததால் கெய்லினுக்கும் ஒன்றும் தெரிய நியாயமில்லை.

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது மார்லாவுக்குத் தெரியாததல்ல. தொழில் ஒழுக்கப் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கியவள். புதுப் பிள்ளைகளுக்கு அவளே வகுப்பும் எடுத்திருக்கிறாள். 'நம்ம பக்கம் எல்லாம் சின்ன ஊரு. என்னைக்காவது ஒருநாள் தெரிஞ்ச முகம் திரையில வரும். யாருன்னு யோசிக்காதீங்க, என்ன சொல்றாங்கன்னு கேக்காதீங்க. கை முதல்ல பொத்தானுக்குப் போகணும்.'

கை பொத்தானுக்குப் போனது. அங்கேயே நின்றது.

"அவ ஆறு வருஷமா இதுக்காக உசுர விடறா" என்றான் திரையில் ரஸ். "எந்த ஊர்ல கிடைச்சாலும் வரேன்னு சொல்லியிருக்கேன். சொல்லிட்டேன். ஆனா என்னால முடியாது."

"முடியாதுன்னா?" என்றது கெய்லினின் குரல்.

"இங்க தண்ணி நின்னுச்சுன்னா எனக்குத்தான் போன் வரும். என் வண்டியப் பார்த்தாலே கைய அசைப்பாங்க. அங்க போனா நான் யாரு? டாக்டரம்மா வேலைக்குப் போன அப்புறம் கடைக்குப் போய்ப் பால் வாங்கிட்டு வர்றவன்." தொப்பியைத் திருகினான். "இப்பச் சொன்னா அவ எல்லாத்தையும் விட்டுட்டு உக்காந்துடுவா. அப்புறம் காலத்துக்கும் என்னப் பார்க்கறப்பல்லாம் அது ஞாபகம் வரும். அதனால ரிசல்ட் வரட்டும். ஊர் முடிவாகட்டும். அப்புறம் சொல்லிக்கலாம், நீ போ, நான் வரலைன்னு."

மார்லா கடைசிவரை பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

மறுநாள் பேராசிரியர் ஹாகன் அம்மாளிடம் போனாள். "கெய்லினோட டேப்புல வர்றவர் எனக்குத் தெரிஞ்சவர், டாக்டர். வேற யாரையாவது மேற்பார்வைக்குப் போடுங்க."

"நல்லவேளை வந்து சொன்னீங்க. எவ்வளவு பார்த்தீங்க?"

"முகத்தப் பார்த்ததும் அணைச்சுட்டேன்."

"அதான் மார்லா" என்றார் அந்த அம்மாள் பெருமையாக. கெய்லின் வேறொருவர் கைக்கு மாறினாள்.

அன்று ஒரு பொய் சொன்னதோடு மார்லாவின் வாய்க்குப் பூட்டு விழுந்தது. வீட்டுக்குப் போய், 'நீ வர மாட்டியாமே' என்று கேட்க வழியில்லை. அவன் மனதார நம்பிப் பேசிய இடம் அது. கேட்டால் அவனுக்கு அந்த இடமும் போய்விடும். விதியை மீறியது வெளியே தெரிந்து பட்டமும் போய்விடும். ஆக, நேரே கேட்காமல் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தாள். டிசம்பரில் நேர்காணல்கள் தொடங்கிவிட்டன. ஓரெகனில் ஒரு மையத்தில் அவளை ரொம்பப் பிடித்துப்போய், 'எங்க ஊரை மேலே எழுதுங்கள்' என்று ஜாடையாகச் சொல்லியே அனுப்பியிருந்தார்கள்.

"ரஸ், ஓரெகன்ல குளிர்காலம் பூரா மழையாமே. உனக்கு ஒத்துக்குமா?" என்றாள், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே.

"மழைன்னா நனைவோம். மழைக்குச் செத்தவன் யாரு?"

"அங்க பிவட் எல்லாம் கிடையாது."

"நல்லதாப் போச்சு. முதுகு தேயறது நிக்கும்."

"நிஜமா வருவியா?"

"எத்தன தடவை கேப்ப? வரேன்னா வரேன்தான்."

மனிதன் முகத்தைப் படிக்கத்தான் ஆறு வருடம் படித்தாள். அவன் சொல்வதில் ஒரு நடுக்கமும் இல்லை, கண் எங்கேயும் ஓடவில்லை. ஆனால் டேப்பைப் பார்த்தவளுக்கு எல்லாமே நடிப்பாகத் தெரிந்தது. அடேயப்பா, எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறான், எனக்காக இவ்வளவு வேஷம் போடுகிறானே என்று உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டு அழுதாள். ரஸ் வெங்காயம் எங்கே என்று தேடினான்.

வியாழக்கிழமைகளில் அவன் தாமதமாக வந்துகொண்டிருந்தான். உதிரிப் பாகம் எடுக்கப் போனேன் என்பான். அவள் சரி என்பாள்.

பிப்ரவரி முதல் வாரம் ஊர்களை ஏற்றும் கடைசி நாள். மார்லா ஏழு ஊர்களுக்கு நேர்காணல் போய்வந்திருந்தாள். அதில் ஒன்றே ஒன்றுதான் வீட்டிலிருந்து போய்வரும் தூரம். அங்கே இருந்தது இரண்டே இடங்கள், வந்தவர்களோ கூட்டம். மேஜையில் உட்கார்ந்து அந்த ஓர் ஊரை மட்டும் எழுதினாள். ஓரெகனை எழுதவில்லை. எழுதினால் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், எடுத்துக்கொண்டால் புருஷனை இழக்க வேண்டும். அவனும் என்னிடம் சொல்லாமல் எனக்காகச் சுமக்கிறான், நானும் சொல்லாமல் சுமக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அதில் அவளுக்கு ஒரு திருப்திகூட இருந்தது. பைத்தியக்காரி.

பொருத்த நாள் காலையில் மின்னஞ்சல் வந்தது. பொருத்தம் இல்லை.

அவள் நாற்காலியை விட்டு எழவே இல்லை. மத்தியானம் ரஸ் வந்தான். வேலை நாளில் மத்தியானம் வருகிறவன் அல்ல. கையில் ஒரு பெரிய பை, முகத்தில் திருட்டுச் சிரிப்பு. பையிலிருந்து இரண்டு மழைக்கோட்டுகளை எடுத்து மேஜைமேல் போட்டான். ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். ப்ளம் ஹாலோவில் மழைக்கோட்டு வைத்திருக்கும் ஆண்பிள்ளை யாரும் கிடையாது.

"மஞ்சள் உனக்கு. கூட்டத்துல தொலைஞ்சாக் கண்டுபிடிக்கலாம்" என்றான். "ஓரெகன்தானே? வாயத் திறந்தா ஓரெகன் ஓரெகன்னுதானே பேசிட்டிருந்த. ஜீன்கிட்டச் சொல்லிட்டேன், கோடை முடிஞ்சதும் வேலைய விட்டு நின்னுக்கறேன்னு. கருவிப் பெட்டிய எங்க பட்டறைல வேலை செய்யற டேட்டுக்கு வித்துட்டேன். அந்தப் பய ரொம்ப நாளா நாக்கத் தொங்கப் போட்டுட்டுப் பார்த்துட்டிருந்தான். என்ன, ஏன் இப்படிப் பார்க்கற?"

அந்தச் சிவப்புக் கருவிப் பெட்டி அவன் பதினெட்டு வயதிலிருந்து ஒவ்வொரு ஸ்பேனராகச் சேர்த்தது. கொட்டகையில் அது இல்லாததை அவள் கவனிக்கவே இல்லை.

"எந்த ஊரும் கிடைக்கல ரஸ்."

"கிடைக்கலையா? ஏழு ஊர்ல ஒண்ணு கூடவா?"

"நான் ஒரே ஊரத்தான் எழுதினேன். இங்க பக்கத்துல இருக்கறத."

அவன் உட்கார்ந்தான். "ஏன்?"

அவள் மஞ்சள் கோட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"ஏன் மார்லா? நான்தான் வரேன்னேனே. தலதலையா அடிச்சுக்கிட்டேனே."

"நீ எனக்காக வந்து அங்க பால் வாங்கிட்டு வர்றவனா இருக்க வேண்டாம்னுதான்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள்.

வெளியே யாருடைய நாயோ குரைத்தது. ரஸ் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினான்.

"என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல."

"பால் வாங்கிட்டு வர்றவன். அத நான் ஒரே ஒரு இடத்துலதான் சொன்னேன். அந்தப் பொண்ணு உன்கிட்டச் சொன்னாளா?"

"அவ சொல்லல. அவளுக்கு எதுவும் தெரியாது. டேப் என்கிட்ட வந்துச்சு. அணைச்சிருக்கணும். நான் அணைக்கல."

"எப்ப?"

"அக்டோபர்ல. அந்த ஒண்ணுதான் பார்த்தேன். சத்தியமா அதுக்கப்புறம் பார்க்கல."

"அதுக்கப்புறம்தான் எல்லாம் நடந்துச்சு" என்றான் ரஸ். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "வாரா வாரம் போனேன். அந்தச் சின்னப் பொண்ணு ஒருநாள் கேட்டா, உங்களுக்குப் போன் பண்றாங்களே இத்தன பேரு, அதுல யாராவது நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்டிருக்காங்களான்னு. வண்டில வர்றப்ப யோசிச்சேன். ஒருத்தன் கேட்டதில்ல. எப்பவோ நீதான் கேட்டிருக்க, இந்தப் படிப்புக்கெல்லாம் முன்னாடி. சரி, அப்ப நீ இருக்கற இடத்துலதானே நான் இருக்கணும்னு தோணுச்சு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். அத உன்கிட்ட வந்து சொன்னேன். நீ நம்பல."

"ரஸ்..."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கக் கூடாது. அங்க பேசினத வெளிய எடுக்கக் கூடாதுன்னு விதி."

"பார்க்க மட்டும் செய்யலாமாக்கும்" என்றான்.

மழைக்கோட்டுகளை மடித்துப் பைக்குள் வைத்தான். ஒழுங்காக, கைகளை உள்ளே மடக்கி. கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்வானா என்று விலைச்சீட்டைத் தேடினான்.

அடுத்த வியாழக்கிழமை அவன் டெக்ஸ்டருக்குக் கடைசி முறையாகப் போனான். "உன்மேல தப்பில்லம்மா. ஆனா உங்க ஆளுங்க அனுப்பின டேப்ப என் பொண்டாட்டி பார்த்துட்டா. இனிமே என்னால இங்க பேச முடியாது" என்று சொல்லிவிட்டு, கெய்லின் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தான். கெய்லின் அழுகையோடு போய் ஹாகன் அம்மாளிடம் சொன்னாள். அவர் மார்லாவைக் கூப்பிட்டார்.

"முகத்தப் பார்த்ததும் அணைச்சுட்டேன்னு சொன்னீங்க."

"பொய் சொன்னேன், டாக்டர்."

அந்த அம்மாள் வெகுநேரம் பேசாமல் இருந்தார். எங்கே பேசாமல் இருக்க வேண்டும் என்பதும் அவர்கள் பாடத்தில் உண்டு.

துறைக்குழு கூடியது. யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டத் தெரியாதவர்கள் அவர்கள், எல்லாவற்றையும் மென்மையாகத்தான் சொல்வார்கள். மேற்பார்வைப் பாடம் செல்லாது, திரும்பப் படிக்க வேண்டும். அதுவரை பயிற்சி ஆண்டுக்கு விண்ணப்பிக்க முடியாது. அதற்குள் அவள் முதலில் படித்த பாடங்களுக்கு வயதாகிக் காலாவதியாகிவிடும், அவற்றையும் மறுபடி படிக்க வேண்டும். மறுபடி புள்ளியியலிலிருந்து. 'உங்களுக்கு இது எவ்வளவு வேதனை என்று எங்களுக்குப் புரிகிறது' என்றார் ஒருவர். அவருக்குப் புரிந்திருக்கலாம், அதனால் மார்லாவுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. புத்தகங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தவள் அப்புறம் போகவே இல்லை.

தேவாலயத்தில் யாரோ பழக்கதோஷத்தில், "இன்னும் முடியலையா?" என்றார்கள். "விட்டுட்டேன்" என்றாள். கேட்டவள் முகம் சுண்டிப்போய், தன் தட்டிலிருந்த சினமன் ரோலை எடுத்து இவள் தட்டில் வைத்தாள். அதற்குப் பிறகு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வேறு எதுவும்கூடக் கேட்கவில்லை. மார்லா பள்ளிக்கூட வேலைக்குத் திரும்ப முயன்றாள், அங்கே வேறு ஆள் இருந்தது. இப்போது தானியக் கிடங்கு அலுவலகத்தில் ரசீது போடுகிறாள். மாவட்டத்தில் இன்றைக்கும் ஓர் உளவியல் நிபுணர் கிடையாது.

ரஸ் அவளை விட்டுப் போகவில்லை. போயிருந்தால் ஊர் பேசி ஓய்ந்திருக்கும். ஜீன் வேலையைத் திருப்பிக் கொடுத்தான். கருவிப் பெட்டியை டேட் திருப்பித் தரவில்லை. தன்னுடைய ஸ்பேனரையே டேட்டிடம் கடன் கேட்டு வாங்கி வேலை செய்கிறான். வீட்டில் சண்டை இல்லை, ஒரு கடுஞ்சொல் இல்லை. காற்று எந்தப் பக்கம், சோளம் எந்த உயரம், பின்வாசல் கதவு ஏன் கிறீச்சிடுகிறது, அவ்வளவுதான் பேச்சு. மார்லா பல தடவை மன்னிப்புக் கேட்டாள். "பரவால்ல, விடு" என்பான். ஒருநாள் துணிந்து, "உன் மனசுல என்ன இருக்கு ரஸ், சொல்லேன்" என்றாள். அவன் அவளை ஒரு நிமிடம் பார்த்தான். யார் கேட்கிறார்கள் என்று யோசிப்பது மாதிரி பார்த்தான். "நாளைக்கு மழை வரும்போல" என்றான்.

வியாழக்கிழமைகளில் அவன் சீக்கிரம் வந்துவிடுகிறான். நாலு மணிக்கு வண்டி முற்றத்தில் வந்து நிற்கும். ஆனால் இறங்க மாட்டான். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மார்லா சமையலறை ஜன்னலில் நின்று பார்ப்பாள். அவன் வாய் அசைவது தெரியும். தொப்பியைத் திருகுவான், கொஞ்ச நேரம் நிறுத்துவான், மறுபடி பேசுவான். சில சமயம் எதையோ விளக்குவதுபோல நகமில்லாத அந்தக் கட்டைவிரலை உயர்த்துவான்.

அவளுக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்காது. ஐந்து மணி வரை அங்கேயே நிற்பாள். பிறகு அவன் இறங்கி உள்ளே வந்து, சாப்பாடு என்ன என்று கேட்பான்.